ஒரே நாளில் பிறந்தவர்கள்

பெரியவள் துணிப்பையோடு வாசலில் வந்து நின்றபோது அப்பா கேட்டை உள்பக்கம் தாழ் போட்டார்.

அது அவரே வெல்டிங் செய்த கேட். அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அவருடைய பட்டறையில் அடித்த கேட்தான். தன் வீட்டுக்கு மட்டும் இடுப்பு வரை கனத்த தகடும், அதற்கு மேல் நெருக்கமான கம்பிகளும் வைத்து, யானை மோதினாலும் அசையாத மாதிரி செய்திருந்தார். கம்பிகளுக்கு நடுவே மகளின் முகம் தெரிந்தது.

"இன்னைக்கு வேண்டாம்மா," என்றார். "டிவிக்காரங்க வர்ற நேரம். ரெண்டு நாள் கழிச்சு மாப்பிள்ளையோட வா."

"அவரோட வர்றதா இருந்தா நான் எதுக்குப்பா பையைத் தூக்கிட்டு வர்றேன்?"

அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்தாள். அவளுடைய கண் முதலில் பெரியவளின் வலது காலுக்குத்தான் போனது. இரண்டு விரல்களைச் சேர்த்துத் துணி சுற்றியிருந்தது. பாதம் வீங்கி, செருப்பின் வார் அறுத்துவிடப்பட்டிருந்தது.

"கால்ல என்னடி?"

"கம்பி விழுந்துடுச்சு."

"கம்பி எப்படி விழும்?"

"கையில பிடிச்சிருக்கிறவங்க விட்டா விழும்."

அம்மாவின் கை தாழ்ப்பாள் வரை போனது. அப்பா திரும்பிப் பார்த்தார். அந்தக் கை திரும்பி வந்து புடவையில் ஈரத்தைத் துடைத்துக்கொண்டது.

மாடிப்படியில் சின்னவள் நின்றிருந்தாள். நாட்டின் பதினேழு வயதுக்குட்பட்ட பெண்கள் கால்பந்து அணிக்கு அவள் கோல்கீப்பர். தகுதிச் சுற்று தொடங்குமுன் வீட்டுக்குப் போய்வர ஒரு நாள் விட்டிருந்தார்கள். டிவிக்காகச் சட்டையை மாட்டச் சொல்லியிருந்தார் அப்பா. அந்தச் சட்டையோடு அவள் படியில் நின்று, தன் முகத்தையே கேட்டுக்கு வெளியே பார்த்தாள். இரண்டு பேரும் இரட்டையர். இவள் கன்னத்தில் வெயில் கறுப்பு, அவள் கன்னத்தில் வேறு கறுப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்பா போன் செய்தார். கொஞ்ச நேரத்தில் இரும்புக்கடையின் சின்ன வண்டி வந்தது. மாப்பிள்ளை இறங்கவே இல்லை. கதவை மட்டும் திறந்துவிட்டான். பெரியவள் நொண்டியபடி ஏறினாள். ஏறுமுன் ஒரு முறை மாடிப்படியைப் பார்த்தாள்.

"இடது பக்கம் பாத்துக்கோ," என்றாள். "நீ எப்பவும் இடது பக்கம் லேட்டு."

வண்டி போனபின் சின்னவள் இறங்கி வந்து நாற்காலிகளை வரிசையாகப் போட்டாள். டிவிக்காரர்கள் வருவார்கள் அல்லவா.

வந்தார்கள். அப்பா குளித்து, சட்டை மாற்றி, வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்தார். அவருக்கு மைக் புதிது. ஆனாலும் பிறந்ததிலிருந்தே மைக்கோடு இருந்தவர் மாதிரி பேசினார். பட்டறையில் வெட்டி மிச்சமான குழாயில் தானே கோல்போஸ்ட் அடித்துக் கொடுத்ததைச் சொன்னார். அது உண்மை. பிள்ளைகள் பந்தடித்துப் பந்தடித்து, காய வைத்திருந்த கேட்டின் பெயின்டெல்லாம் போனதையும், தான் ஒரு வார்த்தை திட்டாததையும் சொன்னார். அதில் பாதி உண்மை. பிறகு அலமாரியிலிருந்து பள்ளி அணியின் புகைப்படத்தை எடுத்துக் கேமரா முன் நீட்டினார். அதில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நின்றார்கள்.

"ரெட்டைங்க சார். சாயங்காலம் ஒண்ணு பொறந்துச்சு, நர்ஸம்மா வச்ச டீ ஆறுறதுக்குள்ள இன்னொண்ணு."

"இன்னொரு பொண்ணு எங்கே சார்?"

"வெளியூர்ல படிக்குது."

பொய் தடங்கலில்லாமல் வந்தது. போன வருஷம் இதைவிடப் பெரிய பொய் ஒன்றைச் சொல்லி வாய் பழகியிருந்தது.

அதை முறையாகச் சொன்னால்தான் மற்றது புரியும். அணியின் பயிற்சியாளர் முதலில் இரண்டு பேரையும்தான் பயிற்சி முகாமுக்குக் கேட்டாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டும் அரைக்கால் சட்டையோட ஓடினா நான் தெருவுல எப்படித் தலை காட்டுறது? வேணும்னா ஒண்ணை எடுத்துக்கோங்க."

பயிற்சியாளர் யோசித்துச் சின்னவளை எடுத்தாள். "கோல் போடறதுக்கு ஆள் இருக்காங்க. தடுக்கத்தான் ஆள் இல்ல," என்றாள். உண்மையில் இரண்டு பேரில் கெட்டிக்காரி பெரியவள்தான். அவள் உதைத்த பந்துகளைத் தடுத்துத் தடுத்துத்தான் சின்னவள் கோல்கீப்பரே ஆனாள்.

சின்னவள் முகாமில் இருந்தபோது, அப்பாவுக்கு இரும்பு கொடுக்கும் கடைக்காரர் தன் இளைய மகனுக்குப் பெண் கேட்டார். எந்தப் பெண் என்று அப்பா கேட்டதற்கு, "எதுவா இருந்தா என்ன, ரெண்டும் ஒரே அச்சுதானே," என்றார். வீட்டில் இருந்தது பெரியவள். அவள் மாட்டிக்கொண்டாள். வயதுதான் இடித்தது. அப்பா சான்றிதழ் போட்டுத் தரும் தெரிந்த ஆளைப் பிடித்தார். அந்த ஆள், கேட்டுக்கு உயரம் கேட்பது போல, "எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டான். "பதினெட்டு போடுங்க. மேல ஆறு மாசம் சேத்துக்கோங்க, பத்திரமா இருக்கும்," என்றார் அப்பா.

தெருவே கல்யாணத்துக்கு வந்தது. இரண்டு பேரையும் பத்தாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வைத்திருந்த டீச்சரும் வந்தாள். பந்தியில் உட்கார்ந்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எல்லோருடைய வாயிலும் சாப்பாடு இருந்தது.

முகாமிலிருந்து திரும்பிய சின்னவள் அப்பாவோடு சண்டை போடவில்லை. நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த அதிகாரி நல்லவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"பேப்பர்ல பதினெட்டுன்னு இருக்கும்மா. உங்கப்பா வந்து அது தப்புன்னு சொல்லட்டும். உடனே நடவடிக்கை எடுக்கிறேன்."

"அவரு சொல்ல மாட்டாரு சார்."

"அப்ப பதினெட்டுதான்."

அன்றிலிருந்து சின்னவள் அவரை அப்பா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பேச வேண்டியதை அம்மாவிடம் சொல்வாள். அப்பா அதைக் கவனிக்கவில்லை. போட்டியும் பயிற்சியுமாக அலைகிற பிள்ளை, களைப்பு என்று நினைத்தார்.

தகுதிச் சுற்று உள்நாட்டிலேயே நடந்தது. நான்கு நாட்டு அணிகளும் ஒரே ஓட்டலில் தங்கியிருந்தன. முதல் நாள் கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி ஒருத்தி எழுந்து பேசினாள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரி என்று சொன்னார்கள்.

"உங்களுக்கோ, உங்களுக்குத் தெரிஞ்ச சின்னப் பொண்ணு யாருக்கோ, பெரியவங்களால கஷ்டம்னா என்கிட்ட சொல்லலாம். என் காதுல விழுந்துட்டா அப்புறம் என்னால சும்மா இருக்க முடியாது. அதுதான் என் வேலை."

பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். கூட்டம் முடிந்ததும் சின்னவள் அவளிடம் போனாள்.

"மேடம், பேப்பர்ல ஒரு வயசு இருக்கு, உண்மையில ஒரு வயசுன்னா?"

"நீ சொன்னா விசாரிக்கச் சொல்லுவேன். பேப்பர் இருக்கிறதால இழுத்தடிப்பாங்க. பெத்தவங்களே வாயால ஒத்துக்கிட்டா அன்னைக்கே கிளம்பலாம். யாரைப் பத்திக் கேக்குறே?"

"சும்மா கேட்டு வச்சேன் மேடம்."

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, அவள் போவதையே பார்த்தாள்.

இரண்டாவது ஆட்டம் பக்கத்து நாட்டோடு. எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சுதான். கொஞ்சம் இழுத்துப் பேசுவார்கள். இவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, கடைசி நேரத்தில் அவர்களுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. சின்னவள் கோட்டில் நின்றாள். உதைப்பவள் ஓடி வந்த தோரணை வலது பக்கம் என்றது. காதில் பெரியவள் குரல் கேட்டது. சின்னவள் இடது பக்கம் பாய்ந்தாள். பந்து கையுறையில் வந்து மோதியது.

தோற்ற அணிக்குப் போட்டியே முடிந்த மாதிரிதான்.

மறுநாள் காலை, ஓட்டலின் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில் சின்னவள் தன் கையுறைகளை அலசிக்கொண்டிருந்தாள். அடுத்த குழாயில் பக்கத்து நாட்டுக் கோல்கீப்பர். தன் அணிக்காரிகள் நெட்டை என்று கூப்பிடும் பெண். அவளும் கையுறைதான் அலசினாள், மூக்கை உறிஞ்சியபடி.

"அழாதே," என்றாள் சின்னவள். "உங்களுக்கு ஒரு வழி இருக்கு."

"என்ன வழி?"

"நான் ரெட்டைன்னு எங்கப்பா டிவியில சொன்னாரு. பாத்தியா?"

"பாத்தோமே. கேட், கோல்போஸ்ட் கதையெல்லாம் சொன்னாரு."

"என் அக்காவுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆச்சு. பதினெட்டரை வயசுன்னு பதிஞ்சிருக்காங்க. அப்படின்னா எனக்கு இப்ப என்ன வயசு?"

நெட்டை குழாயை மூடினாள். மனதுக்குள் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

"இதை ஏன் என்கிட்ட சொல்றே? உன்னை வெளியே அனுப்பிடுவாங்க."

"அனுப்ப மாட்டாங்க. எங்கப்பா வந்து பேசுவாரு."

"உனக்கு மூளை குழம்பிப் போச்சா?"

"போய் உங்க மேனேஜர்கிட்ட சொல்லு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதே."

சின்னவள் கையுறையைப் பிழிந்தாள். தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் போனபிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

அன்று மதியமே புகார் போனது. வயது மீறிய ஆளை ஆட வைத்திருக்கிறார்கள், ஆட்டத்தைத் தங்களுக்குத் தர வேண்டும் என்று. சின்னவளின் மணிக்கட்டை ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பைப் பார்த்தால் சிறுமி மாதிரிதான் தெரிகிறது, ஆனால் எலும்பு முன்னே பின்னேதான் சொல்லும் என்றார் டாக்டர். சின்னவளின் பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்தது. ஆனால் அதே வீட்டிலிருந்து, அதே தகப்பன் கையெழுத்தில், வேறு கணக்கு சொல்லும் பெரியவளின் கல்யாணச் சான்றிதழும் இருந்தது. எது நிஜம் என்று தகப்பன் வந்து சொல்லட்டும் என்று முடிவானது.

இடைப்பட்ட நேரத்தில் அணியில் ஒருத்தியும் சின்னவளோடு பேசவில்லை. சாப்பாட்டு மேஜையில் அவள் உட்கார்ந்ததும் பக்கத்து நாற்காலிகள் காலியாயின. "மாட்டிவிட்டுட்டா மகராசி," என்றாள் கேப்டன், அவள் காதில் விழும்படி. சின்னவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டாள். அவர்கள் கோபம் நியாயம் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா வந்து இறங்கினார். ஊரில் தெருமுனையில் அவருக்குப் பேனர் வைத்திருந்தார்கள். அதில் மகளின் படத்தைவிட அவர் படம் ஒரு சுற்றுப் பெரியது. புதிதாகக் கட்டப்போகும் விளையாட்டு அரங்கத்துக்குக் கேட் முழுக்க அவர்தான் என்று நகரசபையில் வாக்குக் கொடுத்திருந்தார்கள். இரண்டும் கண்ணுக்குள் நின்றன. பயிற்சியாளர் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உண்மையைச் சொல்லிடுங்க சார். இல்லைன்னா மொத்த டீமும் வெளியே. அப்புறம் ஊர் உங்களைச் சும்மா விடாது."

ஓட்டலின் சின்ன அறை. நீள மேஜை. நடுவில் விசாரணைத் தலைவர், பக்கத்தில் டாக்டர். மேஜையின் கோடியில், ஆடுகிறவள் சிறுமி என்பதால் கூட இருந்தாக வேண்டிய அந்தக் கண்ணாடி போட்ட ஒல்லியான பெண்மணி, பேனாவை மூடி வைத்தபடி. சின்னவள் அப்பாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பேரும் ரெட்டைன்னு டிவியில சொல்லியிருக்கீங்க," என்றார் தலைவர்.

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னதுங்க."

தலைவர் போனைத் திருப்பிக் காட்டினார். நர்ஸம்மாவின் டீ ஆறாத கதை அப்பாவின் குரலிலேயே அறை முழுக்கக் கேட்டது. அப்பா கைக்குட்டையை எடுத்தார்.

"ரெட்டைதாங்க."

"மூத்த பொண்ணு கல்யாணத்துல பதினெட்டரை வயசுன்னு கையெழுத்து போட்டிருக்கீங்க. அப்படின்னா இந்தப் பொண்ணுக்கு இப்போ பத்தொன்பது தாண்டியாச்சு. சரிதானே?"

அப்பா பயிற்சியாளரைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. சின்னவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சொல்லுங்கப்பா. எனக்கு என்ன வயசு?"

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரை அப்படிக் கூப்பிட்டாள். கூப்பிடாமல் இருந்ததே அவருக்குத் தெரியாது. இருந்தாலும் அந்தச் சொல் எங்கேயோ போய்த் தைத்து, மனிதர் உருகிவிட்டார்.

"பதினாறுங்க," என்றார். "ரெண்டுக்கும் பதினாறுதான். என் தலையில அடிச்சுச் சொல்றேன். என் கையிலதான் வாங்கினேன், ரெண்டையும்."

"அப்போ கல்யாணத்துக்குக் கொடுத்த வயசு?"

"அது சும்மாங்க. கல்யாணத்துக்காகக் கூட்டிப் போட்டது. எல்லாரும் பண்றதுதானே."

மேஜையின் கோடியில் பேனா திறந்தது.

"கல்யாணத்தப்போ அந்தப் பொண்ணுக்கு உண்மையில என்ன வயசு?" என்று கேட்டாள் ஒல்லியான பெண்மணி. பக்கத்து வீட்டுக்காரி கேட்பது போல மெதுவாகத்தான் கேட்டாள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வயது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு மகள் தப்புவாள் என்று அவருக்குப் பட்டது.

"பதினஞ்சுதாங்க. அதுவும் அப்பத்தான் தொடங்கியிருந்துச்சு. சின்னப் புள்ளைங்க. கல்யாணத்தன்னைக்குக்கூட பந்தை ஒளிச்சு வச்சாத்தான் உள்ளே வந்துச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண்மணி எழுதி முடித்து, வரிவரியாகப் படித்துக் காட்டினாள். அப்பா ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டி, கீழே கையெழுத்தும் போட்டார். புகார் தள்ளுபடியானது. பயிற்சியாளர் வெளியே ஓடினாள். கூடத்தில் பெண்கள் கூவுவது அறைக்குள்ளேயே கேட்டது.

வராந்தாவில் அப்பா மகளின் முதுகில் தட்டினார். "பாத்தியா, வாயத் திறந்தேன், எல்லாம் சரியாப் போச்சு." அப்போது சற்றுத் தள்ளி அந்தப் பெண்மணி போனில் பேசுவது காதில் விழுந்தது. சொன்னது ஒரு விலாசம்.

"அவங்க எதுக்கு இரும்புக்கடை விலாசத்தைச் சொல்றாங்க?"

"அக்காவைக் கூட்டிட்டு வரப் போறாங்க. போலீஸோட."

அவர் முகத்தில் ரத்தம் இறங்குவதைச் சின்னவள் நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை. இதைப் பார்க்கத்தான் ஒரு வருஷம் காத்திருந்தாள்.

"யாருடி சொன்னது? பெரியவ கல்யாணத்தை அந்த ஊர்க்காரங்ககிட்ட யாரு சொன்னது?"

"நான்தான்."

"உன்னைத் தூக்கி வெளியே போட்டிருந்தா?"

"போட்டிருப்பாங்க. ஆனா நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"பேனர்ல உங்க மூஞ்சி இருக்கே."

அவர் கை ஓங்கியது. கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள், கேமராவும் இருந்தது. ஓங்கிய கை தலையைக் கோதிக்கொண்டு இறங்கியது.

அன்று மாலையே இரும்புக்கடையின் முன்னால் போலீஸ் வண்டி நின்றது. பெரியவள் அதே துணிப்பையோடு இறங்கி வந்தாள், அவிழ்க்காமலே வைத்திருந்தாள். மாப்பிள்ளையையும் அவன் தகப்பனையும் கூட்டிப் போனார்கள். வயது கூட்டிப் போட்ட ஆளையும், கூட்டச் சொன்ன ஆளையும் கூட்டிப் போனார்கள். அம்மாவையும் ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துக் கேட்டார்கள். "எனக்கும் தெரியும். நானும் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்," என்றாள் அம்மா.

ஜாமீனில் வெளியே வந்த அப்பா ஒரு மத்தியானம் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். அதற்குள் தகுதிச் சுற்று முடிந்திருந்தது. அணி தேறியிருந்தது. பேனர் அப்படியே இருந்தது; அவர் முகம் இருந்த மூலையை மட்டும் யாரோ பிளேடால் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாகப் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்துத் துப்பினார்கள். "பெத்த பொண்ணு வயசைக் கூட்டிக் கல்யாணம் பண்ணியிருக்கான் பாவி," என்றார்கள். அத்தனை பேரும் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். பந்தியில் இன்னொரு கரண்டி கேட்ட டீச்சர், பெண் குழந்தைகளின் உரிமை பற்றிப் பள்ளியில் பேச்சுப்போட்டி வைக்கப்போவதாகக் கேள்வி.

அவர் வீட்டு வாசலுக்கு வந்தார். கேட்டைத் தள்ளினார். அது அசையவில்லை.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அம்மா வந்து நின்றாள். கை ஈரமாக இல்லை.

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள்.

"என்னடி பேசறே? திற. டிவிக்காரங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் வரல. பிள்ளைங்க விளையாடுற நேரம்."

அவர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து உலுக்கினார். அது அவர் அடித்த கேட். அசையாத மாதிரிதான் அடித்திருந்தார்.

அம்மா ஒதுங்கி நின்றாள். அவளுக்குப் பின்னால் முற்றத்தில் பெரியவள் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டிருந்தாள். வலது கால் விரல்களில் இன்னும் கட்டு இருந்தது. சின்னவள் கையுறை மாட்டி, கேட்டின் முன்னால் வந்து நின்றாள். வாசலில் நிற்பவருக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

"இடது காலால அடிக்கப் போறேன்," என்றாள் பெரியவள். "நேரா வரும். பிடிச்சுக்கிறியா?"

சின்னவள் ஒரு தடவை திரும்பிக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓரடி விலகிக்கொண்டாள்.

"இதை விட்டுடறேன்," என்றாள்.

பந்து வந்து, அவர் முகத்துக்கு நேராக, கம்பியில் மோதியது.